அம்மாவுக்கு வேண்டியது பால்கனித் தோட்டமா, புங்கமரத்தடியா?

இந்த வாரக் கடிதத்தை எழுதியிருப்பவர் சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் 11-வது மாடி ஃப்ளாட் ஒன்றில் மனைவி, பள்ளிக்கூடம் போகும் மகனோடு வசிப்பவர். கணவன் மனைவி இருவருமே வேலைக்குப் போகிறார்கள். அவருடைய அப்பா போன ஆவணியில் தவறிவிட்டார். தஞ்சை மாவட்டத்தில் குடமுருட்டி ஆற்றங்கரை ஊரில் தனியாக இருக்க வேண்டாம் என்று, காரியம் முடிந்த கையோடு 68 வயது அம்மாவைச் சென்னைக்கு அழைத்து வந்துவிட்டார்கள். வந்து எட்டு மாதம் ஆகிறது. அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு இருட்டில் ஹாலில் உட்கார்ந்திருக்கிறார். முழங்கால் வலி, முதுகுவலி, நெஞ்சை ஏதோ அடைக்கிறது என்று தினம் ஒரு உபாதை. இரண்டு முறை லிஃப்டில் வேறு மாடியில் இறங்கி, யார் வீட்டுக் கதவையோ தட்டியிருக்கிறார். சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுபவர். இதய மருத்துவர் எல்லாம் நார்மல் என்றுவிட்டார். மனநல மருத்துவர் இது மனச்சோர்வு என்று எஸ்சிட்டலோப்ராம் எழுதிக் கொடுத்தார். "சத்து மாத்திரை" என்று சொல்லித்தான் அதைக் கொடுத்திருக்கிறார்கள். பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்தியும் விட்டார்கள்.

அப்புறம், தினமும் 20 நிமிடம் பசுமைக்கு நடுவில் இருந்தால் மனச்சோர்வு போய்விடும் என்று மகன் எங்கோ படித்திருக்கிறார். பால்கனியில் முப்பது தொட்டிச் செடிகளை வரவழைத்து வைத்தார். "அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீர் விடுவதும் வேலைக்கு வரும் அக்காதான்" என்று எழுதியிருக்கிறார். இதற்கிடையில் அம்மா மத்தியானம் தானாகவே கீழே இறங்கிப் போய், கேட்டை ஒட்டிய புங்கமரத்தடியில் இஸ்திரி வண்டிப் பக்கம் உட்கார்ந்து, அங்கே துணி தேய்க்கும் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார். "நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள், மேலேயே இரும்மா என்று சொல்லிவிட்டேன்" என்கிறார் மகன். ஊர் வீட்டை விற்றுவிடலாம் என்று அக்கா அவசரப்படுத்துகிறார். ஊருக்கே அனுப்பிவிட்டால் பழையபடி ஆகிவிடுவார் என்று மனைவி சொல்கிறார். அம்மாவைக் கேட்டால், "என்னமோ பண்ணுங்க" என்பதோடு சரி.

அவருடைய கேள்விகள் இரண்டு. மாத்திரை இல்லாமல் இயற்கைச் சூழலை வைத்தே இதைச் சரிசெய்ய முடியுமா? அம்மாவை ஊருக்கு அனுப்பிவிடலாமா?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுத் தாண்டிய இடம் ஒன்று இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப்பட்டது. உங்கள் அம்மா எட்டு மாதத்தில் தானாக விரும்பிச் செய்த ஒரே காரியம், அந்தப் புங்கமரத்தடிக்குப் போனது. சாப்பாட்டிலும் தூக்கத்திலும் பிடிப்பு விட்டுப்போன ஒருவர், லிஃப்டில் மாடி மாறி இறங்கித் தடுமாறுகிறவர், தனியாக இறங்கிப் போய் மர நிழலில் காற்றாட உட்கார்ந்து, தன் பேச்சு புரிகிற ஒரு மனுஷியோடு பேசியிருக்கிறார். மனச்சோர்வில் இருப்பவர்களை இந்த அளவுக்கு நகரவைக்க எங்களைப் போன்ற மனநலத் துறைக்காரர்கள் வாரக்கணக்கில் மெனக்கெடுவோம். அம்மா அதைத் தானே செய்திருக்கிறார், நீங்கள் வேண்டாம் என்றிருக்கிறீர்கள். உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. இன்று மாலை வீட்டுக்குப் போனதும், "மத்தியானம் கீழே போய் உட்காரும்மா, நான் அன்றைக்குச் சொன்னது தப்பு" என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் மாத்திரை

பத்து நாள் என்பது எஸ்சிட்டலோப்ராம் போன்ற மருந்துகளுக்குப் போதாது. பொதுவாக இரண்டிலிருந்து நான்கு வாரத்தில்தான் மாற்றம் தெரியத் தொடங்கும். வயதானவர்களுக்கு ஆறு, எட்டு வாரம்கூட ஆகலாம். முதல் சில நாட்களில் வயிற்றுப் பிரட்டலும் படபடப்பும் மட்டும்தான் தெரியும், பலன் தெரியாது. "எதுவும் ஆகவில்லை" என்று பலரும் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். நீங்கள் செய்ய வேண்டியது, நிறுத்திவிட்ட விஷயத்தை அதே மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வது. நீங்களாக மறுபடி ஆரம்பிக்கவும் வேண்டாம். வயதானவர்களுக்கு இந்த வகை மருந்தால் சில சமயம் ரத்தத்தில் சோடியம் குறையும். திடீர் அசதி, குழப்பம், தடுமாற்றம் வரும். ஆரம்பித்த சில வாரங்களில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

கூடவே தைராய்டு, ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது சகஜம். அது குறைந்தாலே சோர்வு, மறதி, கால் மதமதப்பு எல்லாம் வரும்.

"சத்து மாத்திரை" என்று சொன்னது சரியில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தனக்கு என்ன நோய், என்ன சிகிச்சை என்று தெரிந்துகொள்வதும், அதற்குச் சம்மதிப்பதும் மறுப்பதும் உங்கள் அம்மாவின் உரிமை. சட்டத்தை விடுங்கள். விவசாயக் குடும்பத்தை முப்பது நாற்பது வருடம் கட்டி ஆண்டவர் அவர். "அப்பா போனதிலிருந்து உனக்குத் தூக்கமும் பசியும் கெட்டிருக்கு. இதுக்கும் மருந்து இருக்கு. கொஞ்ச நாள் சாப்பிட்டுப் பார்ப்போமா?" என்று கேட்டால் புரியாதவர் இல்லை. பின்னால் உண்மை தெரிந்தால் நீங்கள் கொடுக்கும் எந்த மாத்திரையையும் அவர் நம்ப மாட்டார், சர்க்கரை மாத்திரை உட்பட.

வயதானவர்களின் மனச்சோர்வு பெரும்பாலும் அழுகையாக வெளிப்படாது. வலியாக, பசியின்மையாக, அதிகாலை விழிப்பாகத்தான் வரும். அம்மா பாசாங்கு செய்யவில்லை, அவருக்கு நிஜமாகவே வலிக்கிறது.

பசுமை என்ன செய்யும், என்ன செய்யாது

நீங்கள் படித்த 20 நிமிடக் கணக்கு, நான் நினைக்கிறபடி, 2019-இல் அமெரிக்காவின் மிச்சிகனிலிருந்து வந்த ஒரு ஆய்விலிருந்து கிளம்பியது. இயற்கையான இடத்தில் 20 முதல் 30 நிமிடம் இருந்தால் கார்டிசால் என்கிற அழுத்த ஹார்மோன் நன்றாகக் குறைகிறது என்று 36 பேரை வைத்துக் கண்டார்கள். நல்ல ஆய்வுதான். ஆனால் அவர்கள் அளந்தது எச்சிலில் இருக்கும் ஹார்மோனை. மனச்சோர்வு நோய் குணமானதா என்று அவர்கள் பார்க்கவில்லை. அதே வருடம் இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரின் பதில்களை வைத்து இன்னொரு ஆய்வு வந்தது. வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் இருப்பவர்கள், அறவே போகாதவர்களைவிட நலமாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒரே நாளில் இரண்டு மணி நேரமா, பிரித்துப் பிரித்தா என்பதில் வித்தியாசம் இல்லை. இதில் ஒரு சிக்கலும் உண்டு. உடம்பும் மனசும் நன்றாக இருப்பவர்கள்தானே அதிகம் வெளியே போவார்கள்? எது காரணம், எது விளைவு என்று இந்த மாதிரி ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

வெறும் காட்சிக்கும் பலன் உண்டு, அதையும் மறுக்கவில்லை. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் என்பவர் ஆராய்ந்து 1984-இல் வெளியிட்டார். ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தபடி படுத்திருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சில நாட்கள் படுத்திருக்கும் நோயாளிக்கு ஜன்னலே பெரிய உலகம். உங்கள் அம்மா படுத்த படுக்கையாக இல்லை. அவருக்குப் பார்க்க மட்டும் ஏதாவது இருந்தால் போதாது.

ஊரில் அவர் நாள் எப்படி ஓடியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கருக்கலில் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டிருப்பார். அப்போதே கண்ணில் வெளிச்சம் விழும். கொல்லைக்கும் வாசலுக்குமாக நூறு நடை. போகிற வருகிறவர்களிடம் நாலு வார்த்தை. மாடோ ஆடோ, முருங்கையோ வாழையோ, "நான் பார்க்காவிட்டால் இது வாடிப்போகும்" என்று ஏதோ ஒன்று. "இயற்கை" என்று அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. வெளிச்சம், நடை, பேச்சு, பொறுப்பு நான்கும் ஒரே முடிச்சாக இருந்தன. 11-வது மாடிக்கு வந்த அன்று நான்கும் சேர்ந்து போய்விட்டன. அப்பாவும் இல்லை. நீங்கள் இந்த முடிச்சிலிருந்து "பச்சை நிறத்தை" மட்டும் பிரித்தெடுத்துப் பால்கனியில் வைத்திருக்கிறீர்கள்.

வெளிச்சம் பற்றி மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், வீடுகளில் அதிகம் கவனிக்கப்படாதது அதுதான். திரை போட்ட ஹாலில் ட்யூப்லைட் தருவது சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). வெளியே மேகமூட்டமான நாளில்கூடப் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். நம் உடம்புக்குள் ஓடும் தூக்க-விழிப்புக் கடிகாரம் தினமும் தன்னைத் திருத்திக்கொள்வது காலை வெளிச்சத்தை வைத்துத்தான். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகி, உள்ளே போகும் வெளிச்சம் குறையும். அதனால் வயதானவர்களுக்கு வெளிச்சம் இன்னும் அதிகம் வேண்டும். கண்ணாடி ஜன்னலை மூடிவைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தால் வைட்டமின் டி-யும் கிடைக்காது, அதற்குத் தேவையான புறஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காலை ஏழு மணிக்கு முன்பின்னாக அரை மணி நேரம் அவர் வெளியே இருக்க வேண்டும். உங்கள் மகனைப் பள்ளி வேனில் ஏற்றிவிடும் வேலையை அவரிடம் கொடுங்களேன். வெளிச்சம், நடை, பொறுப்பு மூன்றும் அதிலேயே வந்துவிடும். பேரனும் பாட்டிக்கு லிஃப்ட் பட்டனைப் பழக்கிவிடுவான்.

அந்த முப்பது தொட்டிகள்

என்னென்ன செடி என்று நீங்கள் எழுதவில்லை. மணி பிளான்ட், பாம்புச் செடி, குரோட்டன்ஸ் வகையறாவாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். எல்லாம் அழகுதான். ஆனால் பறிக்க, கிள்ள, சமைக்க, சாமிக்கு வைக்க எதுவும் இல்லாத செடிகள். போதாக்குறைக்குத் தண்ணீர் ஊற்றவும் ஆள் போட்டாயிற்று.

1976-இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்த சோதனை உளவியல் மாணவர்கள் எல்லோரும் படிப்பது. ஒரு மாடியில் இருந்தவர்களிடம், "உங்கள் அன்றாட விஷயங்களை நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று சொல்லி, செடியைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் பொறுப்பையும் கொடுத்தார்கள். இன்னொரு மாடியில் இருந்தவர்களுக்கும் செடி கிடைத்தது, ஆனால் பராமரிப்பது ஊழியர்கள் வேலை என்று சொல்லப்பட்டது. மூன்று வாரத்தில் முதல் மாடிக்காரர்கள் கூடுதல் சுறுசுறுப்பாகவும் உற்சாகமாகவும் இருந்தார்கள். செடி இரண்டு இடத்திலும் இருந்தது. யாருடைய செடி என்பதில்தான் வித்தியாசம்.

ஆகவே அம்மாவைக் கேளுங்கள்: இதில் எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் தூக்கிப்போடலாம்? முப்பதையும் தூக்கிப்போடச் சொன்னால் போடுங்கள், மனம் வருந்த வேண்டாம். ஊரிலிருந்து அவர் கேட்கிற விதையில் ஒரு பிடி வரவழையுங்கள். முளைக்கீரை மூன்று நான்கு வாரத்தில் கிள்ளும் பதத்துக்கு வந்துவிடும். கறிவேப்பிலை, பச்சை மிளகாய், மணத்தக்காளி எல்லாம் தொட்டியில் வரும். 11-வது மாடிக் காற்றுக்கும் மேற்கு வெயிலுக்கும் எது தாங்கும் என்று உங்களைவிட அவருக்குத்தான் தெரியும். ஒரு நாள் அவர் பறித்த கீரையில் மசியல் வைத்து, "இன்னும் கொஞ்சம் போடு" என்று நீங்கள் கேட்டாலே போதும். முதல் இரண்டு வாரம் அவர் கை வைக்காவிட்டால் கட்டாயப்படுத்தாதீர்கள். மனச்சோர்வில் ஆசை முதலில் வந்து பிறகு வேலை நடப்பதில்லை. மெல்ல மெல்ல வேலை நடந்து பிறகுதான் ஆசை வரும்.

ஞாயிற்றுக்கிழமை கோவளம், செம்மொழிப் பூங்கா என்று கூட்டிப்போவதும் நல்லதே. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் நாரையும் நீர்க்கோழியும் பார்க்கலாம், வயல்காட்டில் வாழ்ந்தவருக்குப் பழகிய முகங்கள். ஆனால் வாரம் ஒருமுறைப் பயணத்தை நம்பித் தினசரி அரை மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள்.

ஊருக்கு அனுப்பலாமா?

உங்கள் மனைவி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. பழகிய இடம் மனசுக்கு ஊன்றுகோல்தான். ஆனால் அம்மா ஏங்குகிற ஊரில் அப்பா இருக்கிறார். திரும்பிப் போனால் அவருடைய ஈஸிசேர் காலியாக இருக்கும். ராத்திரி அந்தப் பெரிய வீட்டில் அம்மா மட்டும். கணவனை இழந்த முதல் வருடத்தில் ஊர் அவரை நடத்தும் விதமும் மாறியிருக்கும். விசேஷங்களுக்குக் கூப்பிட மாட்டார்கள், அவரும் ஒதுங்கியே நிற்பார். பசுமையான ஊர்களிலும் மனச்சோர்வு இருக்கிறது, தற்கொலைகளும் நடக்கின்றன. வயலும் ஆறும் மட்டுமே மருந்து என்றால் டெல்டா மாவட்டங்களில் எங்களுக்கு வேலையே இருக்காது.

வேறு மாடியில் இறங்கியதையும் யோசிக்க வேண்டும். எல்லா மாடியும் ஒரே மாதிரி இருக்கும் கட்டடத்தில் யாருக்கும் குழம்பும், மனச்சோர்வும் கவனத்தைக் கெடுக்கும். ஆனால் மறதி நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். பழகிய வீட்டில் பல வருடம் தெரியாமல் இருப்பது, இடம் மாறியதும் வெளியே தெரியும். தனியாக அனுப்பும் முன் ஒரு நினைவாற்றல் பரிசோதனை செய்துவிடுங்கள். காது கேட்கிறதா என்றும் பாருங்கள்.

என் யோசனை: நிரந்தரமாக அனுப்பாமல், ஒரு நீண்ட தங்கலாக வைத்துப் பாருங்கள். கத்திரி வெயிலில் வேண்டாம். மேட்டூரில் வழக்கப்படி ஜூன் 12-இல் தண்ணீர் திறந்து, ஊர்ப்பக்கம் வந்து சேர்ந்த பிறகு, ஆடியில் கூட்டிப் போங்கள். ஆவணியில் அப்பாவுக்குத் தலைத்திவசம் வருகிறது, அதுவரை இருக்கட்டும். அதற்குள் மருந்தும் வேலை செய்யத் தொடங்கியிருக்கும். பதினெட்டாம் பெருக்கு அன்று மட்டும் நீங்களோ அக்காவோ கட்டாயம் கூட இருங்கள். படித்துறையில் சுமங்கலிகள் மஞ்சள் கயிறு மாற்றும்போது, இத்தனை வருடம் அங்கே நின்றவர் இந்த வருடம் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பார். ராத்திரி துணைக்கு ஓர் ஆள், மாத்திரை தீராமல் வாங்கித் தர ஒருவர், வாரம் இருமுறை வீடியோ கால், இதெல்லாம் போகும் முன்பே ஏற்பாடாகியிருக்க வேண்டும். திரும்பி வந்த பிறகு எங்கே இருக்கப் பிரியம் என்று அவரைக் கேளுங்கள். வருடத்தில் பாதி அங்கே, பாதி இங்கே என்பதும் ஒரு பதில்தான்.

தள்ளிப்போடக் கூடாத கேள்வி

மூன்று மணிக்கு விழித்து இருட்டில் உட்கார்ந்திருப்பவரிடம் ஒன்றைக் கேட்டாக வேண்டும்: "உயிரோட இருந்து என்னன்னு தோணுதாம்மா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இருந்தால், சொல்ல ஒரு வழி கிடைக்கும். ஆமாம் என்றாலோ, சாப்பாட்டை அடியோடு நிறுத்தினாலோ, மாத்திரைகளைச் சேர்த்து வைப்பதாகத் தெரிந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸில் (எண் 14416) இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். ராத்திரியில் பால்கனிக் கதவைப் பூட்டி வையுங்கள். ஊருக்குப் போகும் முன், வீட்டிலோ களத்திலோ பூச்சிமருந்து, எலி பேஸ்ட் இருந்தால் அப்புறப்படுத்துங்கள். அனாவசிய பயம் என்று நினைக்காதீர்கள், எங்கள் தொழிலில் முதலில் பார்ப்பதே இதைத்தான்.

கடைசியாக அந்த வீடு. அது அப்பா பெயரில் இருந்து, அவர் உயில் எழுதாமல் போயிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பிள்ளைகளோடு மனைவியும் சம பங்குதாரர். அம்மா கையெழுத்து இல்லாமல் முழு வீட்டையும் விற்க முடியாது. கையெழுத்தைக் கேட்டால் இப்போது போட்டுவிடுவார், சிக்கலே அதில்தான். மனச்சோர்வில் இருப்பவர் "என்னமோ பண்ணுங்க" என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. திரும்பிப் போக ஓர் இடம் இருக்கிறது என்ற நினைப்பே சிலரைச் சென்னையில் இருக்கவைக்கும். அக்காவிடம் பேசி, விற்கிற பேச்சைத் தை மாதம் வரையாவது தள்ளிவையுங்கள். அதுவரை வீட்டுச் சாவி அம்மா பெட்டியிலேயே இருக்கட்டும்.